போனவர்களும் தங்கியவர்களும்: அழகப்பர் வாழ்வு சொல்லும் பாடம்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் காண வருகிறவர்கள் முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள். அவை பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை வாங்கி அனுப்பியவர்கள் தம் வாழ்நாளின் நல்ல பகுதியை அதே பர்மாவில்தான் கழித்தார்கள். ஆனால், வீட்டை அங்கே கட்டவில்லை, இங்கே கட்டினார்கள். தொழில் தேர்ச்சி பெற்ற ஒருவர் அயல்நாட்டுக்குப் போவது ஏன், போனவர் அங்கேயே தங்குவது ஏன், தங்காமல் வெளியேறுவது ஏன் என்று இன்று பொருளியல் அறிஞர்கள் ஆராய்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்கள் இக்கேள்விகளைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தே பார்த்தவை. அந்த அனுபவத்துக்கு ஒரு விடையைக் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிக் காட்டியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

அழகப்பர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் நகரத்தார் வீட்டு ஆண்பிள்ளையின் வாழ்க்கைப் பாதை ஏறத்தாழ முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. எழுத்தும் கணக்கும் கற்றதும் அவன் கப்பலேறி ரங்கூனுக்கோ, மௌல்மீனுக்கோ, பினாங்குக்கோ, கொழும்புக்கோ போவான். அங்குள்ள வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பின்னர் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒரு கடையையே நடத்தும் முகவராக உயர்வான். ஈடு மதிப்பது, ஆளை எடை போடுவது, பேரேடு எழுதுவது, உண்டியல் மாற்றுவது ஆகியவை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத திறன்களாக இருந்தன. கீழைக் கடல்நாடுகள் பலவற்றுக்கும் அத்திறன் தேவைப்பட்டது.

குறிப்பாகப் பர்மாவுக்குத் தேவைப்பட்டது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் விளைந்த நெல்லுக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்திக் கழனியாக்க வந்த பர்மிய உழவனுக்கு முதல் வேண்டும். ஐரோப்பிய வங்கிகளோ அவனுக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடத்தை நகரத்தார் நிரப்பினர். 1929-30-இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கே 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ஒரு நாட்டின் வேளாண்மைக்கே கடனுதவி செய்த அந்த அமைப்பு, வறண்ட செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புறப்பட்டுப் போன சில ஆயிரம் பேரின் உழைப்பில் நின்றது.

ஆனால், அந்த உழைப்பாளர்கள் அங்கே குடியேறியவர்கள் அல்லர். முகவருக்குரிய தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். கணக்கு முடித்து ஊர் திரும்புவார்; சில காலம் குடும்பத்தோடு இருந்துவிட்டு மீண்டும் கப்பலேறுவார். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்வது அன்றைய வழக்கமில்லை. கடையே அவருக்கு வீடு. உடன் பணியாற்றுவோரே உறவு. தண்டாயுதபாணி கோயிலே கூடுமிடம். ஈட்டிய பொருள் ஊருக்கு வந்து வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் மாறியது. உடல் ஒரு நாட்டிலும் வேர் இன்னொரு நாட்டிலுமாக வாழ்ந்த வாழ்க்கை அது.

1930-களின் பொருளாதார வீழ்ச்சி அந்த வாழ்வின் அடித்தளத்தை ஆட்டியது. நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலப்பரப்பில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை, 1938-க்குள் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை வைத்திருப்பதை விடப் பணமாகத் திரும்பப் பெறுவதையே அவர்கள் விரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால், நிலத்தை இழந்த உழவன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்ததும் இயல்பே. 1930-லும் 1938-லும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டதும், நேற்றுவரை ஒரே ஆட்சியின் கீழ் ஊர் மாறிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் அயல்நாட்டினர் ஆனார்கள்.

1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே தாயகம் திரும்பினார்கள். வழியில் மடிந்தவர் பல்லாயிரம். போருக்குப் பின் திரும்பிச் சென்றோரையும் 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டம் எதிர்கொண்டது. 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியிருந்தோரும் கைப்பையுடன் கப்பலேறினர்.

போரும் சட்டமும் அவர்களை வெளியேற்றின என்று சொல்லி இக்கதையை முடித்துவிடலாம். ஆயினும், அதற்கடியில் வேறொன்று இருக்கிறது. வருவாய் இருந்தவரை அவர்கள் இருந்தார்கள். ஆனால், இருப்பதற்குரிய உரிமையை அந்நாடு அவர்களுக்கு உறுதி செய்யவில்லை. அந்நாட்டைத் தம்முடையதாக்கிக்கொள்ள அவர்களும் முற்படவில்லை. வருவாய் ஒரு மனிதனைக் கடல் கடக்க வைக்கும். அவனை நிலைபெறச் செய்ய வருவாய் மட்டும் போதாது.

அழகப்பர் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். ஆனால், அவர் பெட்டியடியில் உட்காரவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். முன்னோர் கிழக்கே கப்பலேறினார்கள் என்றால், அவர் மேற்கே ஏறினார். லண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்கே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். ஆங்கிலமும் சட்டமும் வங்கித்தொழிலும் கைவந்த ஓர் இளைஞருக்கு அன்றைய லண்டனில் பிழைப்புக்குக் குறைவிருந்திருக்காது. ஆனாலும் அவர் திரும்பி வந்தார்.

அவருடைய திரும்புதலை நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட வேண்டியதில்லை. திரும்பி வருகிறவனுக்கு இரண்டு வேண்டும்: கற்றதைப் பயன்படுத்த இடம், தன்னை எதிர்பார்த்திருக்கும் மனிதர்கள். அழகப்பருக்கு இரண்டும் இருந்தன. குடும்ப முதல் இருந்தது. அதைப் புதிய துறைகளில் இறக்கும் துணிவு அவரிடம் இருந்தது. 1937-இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்கு அருகே நூற்பாலை ஒன்றை நிறுவினார். அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. மலேயாவில் ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமும், இந்தியாவில் காப்பீடு, ஓட்டல், விமானப் போக்குவரத்து என்று அவர் தொழில்கள் பரந்தன. வட்டித்தொழிலில் தேங்கிய முதலைத் தொழிற்சாலைக்குத் திருப்பிய நகரத்தார் தலைமுறையில் அவர் முன்வரிசையில் நின்றவர். 1945-இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. பின்னர் அதை அவரே துறந்தார்.

பொருள் சேர்ந்த வேகத்திலேயே அது வெளியேயும் சென்றது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய நிதி வழங்கினார். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வழங்கிய 5 லட்சம் ரூபாயில்தான் கிண்டியில் அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஏ.சி. டெக் என்று மாணவர்கள் சுருக்கி அழைக்கும் அக்கல்லூரியில் பயின்ற வேதிப் பொறியாளர்கள் நாடெங்கும் ஆலைகளில் பணியாற்றினார்கள். பலர் கடல் கடந்தும் போனார்கள்.

1947-இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த அவையிலேயே எழுந்து, காரைக்குடியில் தாம் தொடங்குவதாக அறிவித்தார். சில வாரங்களில், நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்ட் மாதத்தில், அழகப்பா கல்லூரி வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த வேகத்தை மட்டுமன்று. அவர் தேர்ந்த இடத்தையும்தான். சென்னையிலோ மதுரையிலோ கல்லூரி தொடங்கியிருந்தால் ஆசிரியர் எளிதில் கிடைத்திருப்பர். காரைக்குடியோ, படித்தவர் எல்லாரும் விட்டுப் போகும் ஊர். அத்தகைய ஊருக்குப் படித்தவர்களை வரவழைக்க வேண்டும் என்பதே அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட தேர்வு.

அத்தேர்வின் கடினமான வினா அடுத்த ஆண்டே வந்தது. விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் திட்டமிட்டிருந்தது. அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் தலைவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அப்பணியை முன்னின்று நடத்தினார். இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புணே, உணவு நுட்பத்துக்கு மைசூர், தோலுக்குச் சென்னை, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர் என்று இடங்கள் அமைந்தன. எல்லாம் பெயர் பெற்ற நகரங்கள். மின்வேதியியலுக்கு மட்டும் காரைக்குடி. அதற்குக் காரணம், அழகப்பர் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

நிலமும் பணமும் கட்டடத்தைத் தரும், அறிவியலாளரைத் தருமா? வெளிமாநிலத்தில் பிறந்து, பெருநகரில் படித்து, வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஒருவர், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து ஊரில் வந்து ஏன் தங்க வேண்டும்? மொழி வேறு, உணவு வேறு, வெயில் வேறு. பர்மாவில் செட்டிநாட்டார் நின்ற இடத்தில் இப்போது வேற்றூரார் செட்டிநாட்டில் நின்றார்கள்.

அழகப்பர் அளித்த விடையை அவர் எழுப்பிய நிறுவனங்களின் வரிசையிலேயே காணலாம். கலைக் கல்லூரிக்குப் பின் 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, தொடர்ந்து தொழில்நுட்பப் பயிலகம், உடற்பயிற்சிக் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி, தொடக்கப் பள்ளி, மழலையருக்கான மாண்டிசோரிப் பள்ளி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கொடையாளரின் தாராளம். சற்று நின்று பார்த்தால் ஒரு குடும்பத்தின் தேவைப் பட்டியல் போலவே தெரிகிறது. ஆய்வகத்துக்கு வரும் அறிவியலாளரின் சிறு குழந்தைக்குப் பள்ளி உண்டு; வளர்ந்த மகனுக்குக் கல்லூரி உண்டு; படித்த மனைவி ஆசிரியப் பணி செய்ய இடம் உண்டு; உரையாடுவதற்குக் கல்லூரிப் பேராசிரியர்கள் உண்டு. ரங்கூன் கடையில் தனியே உறங்கிய முகவருக்கு இல்லாதவை இவையே.

பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி வேண்டும், ஆனால் கட்டடம் இல்லை என்ற நிலை வந்தபோது, தாம் குடியிருந்த வீட்டையே ஒழித்துக் கொடுத்தார் அழகப்பர். செட்டிநாட்டில் வீடு என்பது வெறும் இருப்பிடம் அன்று. கடல் கடந்து உழைத்ததற்கெல்லாம் அதுவே சான்று. பங்காளிகள் கூடிப் படைக்கும் இடமும் அதுவே. அதை ஊர்ப் பெண்பிள்ளைகள் படிக்கத் தந்தது, பல லட்சம் ரூபாய்க் கொடைகளை விட அந்த ஊருக்கு நன்றாகப் புரிந்த செயல்.

இத்தனையையும் நல்ல உடல்நலத்தோடு அவர் செய்யவில்லை. நீண்ட காலம் கடும் நோய் அவரை வருத்தியது. தொழில்களின் சுமையும் கூடவே இருந்தது. ஆண் வாரிசு இல்லை. மகள் உமையாளும் மருமகன் இராமநாதனும் பின்னர் அறப்பணியைத் தொடர்ந்தார்கள். 1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், அழகப்பர் காலமானார். காரைக்குடியில் முதல் கல்லூரி தொடங்கிப் பத்தாண்டுகூட அப்போது நிறைந்திருக்கவில்லை.

அவர் மறைவுக்குப் பின்னும் அந்த ஏற்பாடு நின்றதா என்பதே உண்மையான சோதனை. நின்றது. மின்வேதியியல் ஆய்வகம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அரிமானத் தடுப்பிலும், காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானிய நேர்மின்வாய்களிலும் அது செய்த பணி இந்தியத் தொழிலகங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. 1988 முதல் அங்கேயே பொறியியல் பட்டப்படிப்பும் நடக்கிறது. லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை 2018-இல் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கைமாற்றியது. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. வேற்று மாநிலத்திலிருந்து வந்து, தமிழ் கற்று, ஓய்வுக்குப் பின்னும் காரைக்குடியிலேயே வீடு கட்டிக்கொண்டோர் உண்டு.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. அழகப்பர் பெயரால் அமைந்த கல்லூரிகளில் படித்தவர்கள் அனைவரும் இங்கேயே இருந்துவிடவில்லை. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஏராளம். செட்டிநாட்டுப் பெருவீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அப்படியானால் அவர் முயற்சி தோற்றதா? இல்லை. அழகப்பரே போய்த் திரும்பியவர்தான். ஒரு நாடு தன் திறனாளர்களைக் கயிறு கட்டி நிறுத்த முடியாது; நிறுத்தவும் கூடாது. போகிறவன் திரும்ப நினைக்கும்போது இங்கே கதவு திறந்திருக்கிறதா, புதிதாக வருகிறவன் உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்ற இரண்டைத்தான் ஒரு நாடு பார்த்துக்கொள்ள முடியும். அவ்விரண்டையும் தம் ஊருக்காகப் பார்த்துக்கொண்டவர் அவர்.

இன்று வெளிநாடுகளில் நம்மவர் எதிர்கொள்ளும் நிலை பர்மாவை நினைவூட்டத்தான் செய்கிறது. அமெரிக்காவின் எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான். 2025 செப்டம்பரில் அதன் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிப்பதாக அந்நாடு அறிவித்தது. நிரந்தரக் குடியிருப்பு உரிமையில் ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்களின் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது. வளைகுடா நாடுகளிலோ எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை அரிது. வேலை போனால் நாட்டையும் விட வேண்டும். ஊதியம் குறைந்ததால் யாரும் இங்கெல்லாம் மனம் தளர்வதில்லை. நாளை இங்கே இருப்போமா என்று தெரியாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதுதான் மனத்தைத் தளர்த்துகிறது.

அதே வேளையில் நாமும் இப்போது வரவேற்கும் இடத்தில் இருக்கிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தேர்ந்த தொழிலாளர்கள் திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் ஆலைகளை இயக்குகிறார்கள், கட்டடங்களை எழுப்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தகரக் கொட்டகையில் படுத்துறங்கி, பணத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். ரங்கூன் வட்டிக்கடையின் மாடியில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து இது எவ்வளவு தூரம்? திருவிழாவுக்கு ஊர் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று ஆலைகள் வருந்துவதை ஆண்டுதோறும் கேட்கிறோம். அவர்கள் குழந்தைகளுக்குப் பள்ளியும், குடும்பம் தங்க வீடும், அவமதிப்பில்லாத அண்டை அயலும் கிடைத்திருந்தால், வராதவர்களில் பலர் வந்திருப்பார்கள்.

சிறு நகரங்களில் மருத்துவர் தங்குவதில்லை, பேராசிரியர் தங்குவதில்லை என்று அரசுகள் வருந்தும்போதெல்லாம் கூடுதல் படி, கட்டாயப் பணிக்காலம் என்ற இரண்டு மருந்துகளையே எடுத்துத் தருகின்றன. படி ஆளை வரவழைக்கும். கட்டாயம் சில ஆண்டுகள் பிடித்து வைக்கும். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். நல்ல பள்ளி, துணைவருக்கு வேலை, கற்ற திறனுக்கு ஏற்ற பணி, வேற்றூரார் என்று ஒதுக்காத ஊர் ஆகியவை அமைந்தால், அவர் தங்குவதற்கு ஆணை எதுவும் தேவைப்படாது. ஒரு தனிமனிதர், நோயுற்ற உடலோடு, பத்தாண்டுக்குள் ஒரு வறண்ட ஊரில் இவற்றை அமைத்துக் காட்டினார். அவருடைய பெயரை ஏந்தி நிற்கும் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் மாலையிடுவதோடு நிற்காமல், அவர் பள்ளியிலிருந்து ஆய்வகம் வரை அமைத்த அந்த வரிசையைத் திட்டம் தீட்டுவோர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.